ஒரு கோழிக்குப் பத்து நோட்டீஸ்

திருவண்ணாமலையில் சாமியாருக்குப் பஞ்சமில்லை. சாமியாரைத் தேடி வருகிறவருக்கும் பஞ்சமில்லை. இந்த இரண்டு பேருக்கும் ரூம் வாடகைக்கு விடுகிறவருக்குப் பஞ்சமே இல்லை. இந்த மூன்று இனத்தையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான்காவதாக ஒன்று உண்டு. தோளில் ஜோல்னாப் பை, கையில் ஒரு கட்டுக் காகிதம், முகத்தில் நேற்றுத்தான் யாரையோ சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டு வந்த களை. இதற்கு நோட்டீஸ் தயாளர் என்று பெயர் வைக்கலாம். வேறு பெயர் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்.

அடையாளம் சுலபம். எதிரே வரும்போது இவர் உங்கள் முகத்தைப் பார்க்க மாட்டார், பையைப் பார்ப்பார். சௌக்கியமா என்று கேட்க மாட்டார். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்பார். இட்லி என்று சொல்லிவிட்டால் முகம் வாடிப்போகும். ஆம்லெட் என்று சொல்லிப் பாருங்கள், அப்படியே மலரும். பின்னே? இட்லி தின்கிறவனை எப்படித் திருத்துவது?

இவர் சொல்வது பொய்யா? அதுதானே தொல்லை. ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் சொல்கிறவனாக இருந்தால் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடலாம். உண்மை சொல்கிறவனை என்ன செய்வீர்கள்?

நம்ம ராஜமாணிக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி இரண்டாவது சந்தில், மாடி வைத்த லாட்ஜ் அவருடையது. இரண்டாயிரத்து ஒன்று வரைக்கும் அவரும் ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்த சராசரி மனுஷன்தான். அந்த வருஷம் எல்சா என்று ஒரு வெள்ளைக்கார அம்மா மூன்று மாதம் மாடி ரூமில் தங்கினார். ஒரு நாள் மதியம் இவர் சாப்பிடும்போது வந்து ஒரு படத்தைக் காட்டினார். கம்பிக் கூண்டு, அதன் மேல் கூண்டு, அதன் மேலும் கூண்டு, அத்தனையிலும் கோழி. பிறகு டைப் அடிக்கிற வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு கோழிக்கு ஆயுசு முழுக்க இவ்வளவு இடம்கூட இல்லை என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். ராஜமாணிக்கம் தாளைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். குழம்பு ஆறிப் போயிற்று.

அது நிஜமான இரக்கம். அதைக் கேலி செய்கிறவன் நன்றாக இருக்க மாட்டான். கேலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பம்.

ஏனென்றால் நம் ஊரில் ஒருவனுக்கு இரக்கம் வந்தால் முதல் வேலையாக என்ன செய்வான்? ரப்பர் ஸ்டாம்பு செய்வான். அப்புறம் லெட்டர் பேடு. அப்புறம் வாசலில் போர்டு. 'அருணை ஜீவதயா சபை, நிறுவனர் மற்றும் தலைவர்: ராஜமாணிக்கம்.' செயலாளர் யார் என்று கேட்காதீர்கள். அவரும் ராஜமாணிக்கம்தான், கையெழுத்து மட்டும் வேறு.

அப்புறம் வந்தது நோட்டீஸ். அதில் ஒரு யுக்தி செய்திருந்தார், அதை மெச்சத்தான் வேண்டும். எல்சா அம்மா தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தாள் என்ன அளவோ அதே அளவில் அச்சடித்தார். "இந்த நோட்டீஸைக் கீழே விரித்துப் பாருங்கள். ஒரு கோழி நிற்பதும் படுப்பதும் முட்டையிடுவதும் இதற்குள்ளேதான். நாம் கேட்பது ஒரு கோழிக்குப் பத்து நோட்டீஸ் இடம்!" பத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று அச்சகத்தில் கேட்டார்கள். "சொல்றதுக்கு நல்லா இருக்குது" என்றார்.

பௌர்ணமி கிரிவலத்தில் லட்சம் பேர் நடப்பார்கள். லட்சம் பேரும் அவருக்கு ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள், நோட்டீஸ் வாங்காத ஆள். வாங்கினவர்கள் கீழே விரித்துத்தான் பார்த்தார்கள், அதன் மேல் உட்கார்ந்து கால் பிடித்துவிட்டுக்கொள்ள. அக்னி லிங்கத்துக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் அவித்த முட்டையை இரண்டாக நறுக்கி மிளகுத்தூள் போட்டு இந்த நோட்டீஸில்தான் வைத்துக் கொடுத்தார்கள். கண்ணால் பார்த்தார். கோபப்பட்டாரா? "பரவாயில்ல, சாப்பிட்டுக்கிட்டே படிப்பாங்க" என்றார். இந்த இனத்துக்குத் தோல்வி என்பதே கிடையாது.

விநியோகித்தது போக மீதி நோட்டீஸ் மூட்டை மூட்டையாக லாட்ஜுக்குப் பின்னால் இருந்த அறையில் கிடந்தது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறை. ஜன்னல் உண்டு, டியூப்லைட் உண்டு, ஃபேனும் உண்டு. காற்றோட்டமாக, சௌகரியமாக நோட்டீஸ்கள் அங்கே குடியிருந்தன.

லாட்ஜைப் பெருக்கித் துடைக்கிற ஆராயியும், வாட்ச்மேன் வேலை பார்க்கிற அவள் புருஷன் பலராமனும் மாடிப்படிக்கு அடியில் குடியிருந்தார்கள்.

பலராமன் ஆறடி ஆள். படிக்கு அடியில் நீளம் ஐந்தடி. மடங்கித்தான் படுப்பான், தூக்கத்தில் கால் நீண்டுவிடும். பாதம் இரண்டும் வராந்தாவுக்கு வந்துவிடும். பௌர்ணமிக்கு வரும் பக்தர்கள் தாண்டிப் போவார்கள். சில பேர் தொட்டுக் கும்பிட்டுவிட்டும் போயிருக்கிறார்கள். இந்த ஊரில் எந்தக் கால் எந்த சாமியுடையது என்று யாருக்குத் தெரியும்?

சபை ஆரம்பித்த மூன்றாம் வருஷம் ஆவணியில் அவர்கள் மகள் அன்புச்செல்விக்குப் போளூரில் புகுந்த வீட்டார் வளைகாப்புப் போட்டார்கள். ஏழாம் மாசம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். சம்பந்தியம்மா இரண்டு தடவை ஆள்விட்டுக் கேட்டாயிற்று, எப்போது அழைத்துப் போகிறீர்கள் என்று. தாய்வீடு எது? மாடிப்படி. ஆராயி விளக்குமாற்றோடு வந்து ஆபீஸ் வாசலில் நின்றாள்.

"ஐயா, பின்னாடி ரூம்பு..."

"அதுல நோட்டீஸ் இருக்குது, ஆராயி."

"அத்த படிக்கு அடியில வச்சிக்கலாங்க. நாங்க பின்னாடி போயிக்கிறோம். பொண்ண கூட்டியாரணும்ங்க, கொழந்த பொறந்து மூணு மாசம் வரிக்கும்தான்..."

ராஜமாணிக்கம் பதறிப்போனார். "படிக்கு அடியிலயா? ஓதம் அடிக்குமே! பேப்பர் என்னத்துக்கு ஆவறது?"

ஓதம் அடிக்கும் என்பது ஆராயிக்குத் தெரியாதா? அங்கேதானே படுக்கிறாள். பெருக்கப் போய்விட்டாள். அடுத்த வாரம் ஒரு தடவை கேட்டாள். அதற்கடுத்த வாரம் கேட்டாள். அப்போதெல்லாம் ராஜமாணிக்கத்துக்குக் காது கேட்கிற நிலைமை இல்லை. விழா வேலை தலைக்கு மேல் இருந்தது.

செங்கம் பக்கத்துப் பண்ணை ஒன்றில் முட்டை குறைந்துபோய்க் கழித்துவிட்ட பன்னிரண்டு கோழிகளைக் கூண்டோடு வாங்கி, அடி அண்ணாமலை கிராமத்து வெட்டவெளியில் ஊர் பார்க்கத் திறந்துவிடுவது. அவை சிறகடித்துப் பறப்பதைப் போட்டோ எடுத்து எல்சா அம்மாவுக்கு அனுப்புவது. அவர் அதைத் தன் தேசத்துச் சங்கப் பத்திரிகையில் போடுவது. நாளும் சாமர்த்தியமாகத்தான் பார்த்திருந்தார். புரட்டாசி. ஊரே கறி தின்னாத மாசம். அந்த மாசத்தில் கறி தின்னாதீர்கள் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்?

விளம்பரத்துக்குச் சரவணகுமாரின் மைக் செட் ஆட்டோ. 'கூண்டுக் கோழி விடுவிப்பு விழா' என்று எழுதிக் கொடுத்தார். இங்கேதான் வந்தது வினை. நம் பக்கத்துக் கிராமங்களில் பொங்கல் கழிந்தால் மாடு விடும் விழா நடக்கும், உங்களுக்கே தெரியும். தெருவில் மாட்டை ஓடவிட்டு, குறைந்த செகண்டில் எல்லையைத் தாண்டுகிற மாட்டுக்குப் பரிசு. வருஷா வருஷம் அதை அலறி அலறிச் சரவணகுமாரின் நாக்கு அந்த வாய்க்காலிலேயே பழகியிருந்தது. விடுவிப்பு என்பது அதில் ஏறவில்லை. "வருகிற ஞாயித்துக்கிழமை அடி அண்ணாமலையில் மாபெரும் கோழி விடும் விழா! கோழி விடும் விழா! அனைவரும் திரண்டு வாரீர்!"

திரண்டு வந்தார்கள். முந்நூறு பேர் இருக்கும். தலைமை நாற்காலியிலிருந்து ராஜமாணிக்கம் அதைப் பார்த்தார். மூன்று வருஷம் வெயிலில் அலைந்தது வீண் போகவில்லை, மக்களுக்கு ஜீவகாருண்யம் வந்துவிட்டது, இதோ கண்ணெதிரே வந்துவிட்டது என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். போட்டுக்கொண்ட பிறகுதான் தெரிந்தது, பாதிப்பேர் அக்குளில் சேவல்.

முன்வரிசையில் இருந்த அந்த ஊர் விவசாயி கோதண்டராமன் எழுந்து வந்தார். அவர் அக்குளிலும் ஒன்று இருந்தது, செவலை நிறம், திருடனைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை.

"தலைவரே, எம்மாந் தூரம் ஓடணும்?"

"யாரு?"

"கோழிதான். நம்முளுது எங்கூட்டு வாசல்லேர்ந்து ரோடு வரிக்கும் எட்டு செகண்டு."

"இது பந்தயம் இல்லீங்க. இது விடுதலை விழா."

"சரி, விடுதலையே இருக்கட்டும். மொத பரிசு இன்னா?"

சிறப்பு விருந்தினராக வந்திருந்த கால்நடை டாக்டர் மாறன் கர்சீப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். பொன்னாடை போர்த்தினார்கள். ராஜமாணிக்கம் முக்கால் மணி நேரம் பேசினார், கோழியின் கண்ணீரைப் பற்றி. சேவல்கள் நடுநடுவே பதில் சொல்லிக்கொண்டிருந்தன. கடைசியில் போட்டோகிராபர் தரையோடு படுத்துக் கேமராவை வானத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள, தலைவர் கூண்டைத் திறந்தார்.

ஒன்றும் வெளியே வரவில்லை.

"வாங்க, வாங்க" என்றார், லாட்ஜுக்கு வருகிறவர்களைக் கூப்பிடுகிற மாதிரி. வரவில்லை. கூண்டைச் சாய்த்தார். தக்காளிக் கூடையைக் கவிழ்த்த மாதிரி பன்னிரண்டும் சரிந்து விழுந்தன, தட்டுத் தடுமாறி எழுந்தன, அவ்வளவுதான். சுற்றிலும் ஒரு ஏக்கர் காலி நிலம். பன்னிரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, கூண்டு எவ்வளவு அகலமோ அவ்வளவு இடத்துக்குள்ளேயே நின்றன. ஒரு கோழி காலைத் தூக்கியது. எங்கே வைப்பது என்று தெரியாமல் திரும்ப அதே இடத்தில் வைத்தது.

முதலில் சிரித்தார்கள். ஓடு ஓடு என்று விசில் அடித்தார்கள். கோதண்டராமனின் சம்சாரம் வெள்ளையம்மாள் வந்து ஒரு கோழியைத் தூக்கிப் பார்த்தாள். நகம் வளர்ந்து சுருண்டிருந்தது. மூக்கு நுனி இல்லை.

"இன்னாய்யா இது, மூக்க எவன் வெட்னது?"

"பண்ணையில வெட்டிடுவாங்கம்மா. நெருக்கத்துல ஒண்ண ஒண்ணு கொத்திக்கும்னு" என்றார் டாக்டர்.

விசில் நின்றது. வெள்ளையம்மாள் கோழியைக் கீழே விடவில்லை. "நாங்களும் கோழி அடிச்சித் தின்றவங்கதான். இல்லன்னு சொல்லல. ஆனா அறுக்கற நாளு வரிக்கும் அது குப்பைய கெளறிக்கினு, எதிரூட்டு நெல்லத் தின்னுட்டு ஏச்சு வாங்கிக்கினு அது பாட்டுக்கு இருக்கும். இது கெளறவே கத்துக்கலியேய்யா!"

அன்றைக்கு நடந்த நல்ல பேச்சு அது ஒன்றுதான். முந்நூறு பேரும் கேட்டார்கள். தலைவர் கேட்கவில்லை. அவர் போட்டோகிராபரைத் திட்டிக்கொண்டிருந்தார், ஒரு கோழியாவது இறக்கையை விரித்த மாதிரி எடுக்கக் கூடாதா என்று.

அந்தக் குறையைக் கோதண்டராமனின் செவலை தீர்த்து வைத்தது. பொன்னாடையின் சிவப்பு ரொம்ப நேரமாக அதன் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது போலிருக்கிறது. பிடியை உதறிக்கொண்டு எழும்பி, இறக்கையை நன்றாக விரித்து, நேராகத் தலைவர் மார்பில் போய் விழுந்தது. டாக்டர் மேஜை மேல் ஏறிக்கொண்டார். மற்ற சேவல்களும் நாம் என்ன குறைச்சல் என்று கிளம்பின. கிளிக். விழாவில் பறந்த கோழி படம் அது ஒன்றுதான். 'விடுதலை பெற்ற கோழி நன்றியுடன் தலைவரைத் தழுவுகிறது' என்று எழுதி அதைத்தான் எல்சா அம்மாவுக்கு அனுப்பினார். பத்திரிகையில் வந்ததாகவும் கேள்வி.

கூட்டம் கலைந்தது. கோழிகள் நின்ற இடத்திலேயே நின்றன. "இத இப்பிடியே உட்டா பொழுது போறதுக்குள்ள நாய் முடிச்சிடும்" என்றார் டாக்டர்.

தலைவர் ஊராரைப் பார்த்தார். "ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டுப் போய் வளக்கலாமே."

"எட்த்துக்கினு போறோம் தலைவரே" என்றார் கோதண்டராமன். "ஆனா புரட்டாசி முடியற வரிக்கும்தான் கேரண்டி."

வேறு வழி? சரவணகுமாரின் ஆட்டோவில் பன்னிரண்டையும் ஏற்றி லாட்ஜுக்குக் கொண்டுவந்தார்கள். டாக்டரும் கூட வந்தார். பின்னறை திறந்தது. ஆராயி ஆவணியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த அறை, ஐந்தே நிமிஷத்தில் திறந்தது. நோட்டீஸ் மூட்டைகள் ஆபீசுக்குப் போயின. ஆராயி விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எச்சத்துக்குக் கீழ பேப்பர் விரிம்மா" என்றார் தலைவர். குரலில் அப்படி ஒரு கனிவு. "ஒரு கோழிக்குப் பத்து. நம்ம கொள்கை. ஒண்ணுகூடக் கொறையக் கூடாது."

ஆராயி உட்கார்ந்து வரிசையாக விரித்தாள். விரித்து முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "பன்னெண்டு கோழிக்கு நூத்தி இருவது ஆச்சுங்க ஐயா. இன்னும் தொண்ணூறு போடற எடம் மிச்சம் இருக்குது."

"நல்லா கணக்குப் பாக்கறியே!"

"பழக்கம்தாங்க. ஓதத்துக்கு எங்க பாய்க்கு அடியிலயும் நோட்டீஸ்தான் விரிச்சிருக்கேன். இருவத்திரண்டு புடிச்சிது. எனக்குப் பதினொண்ணு, அவருக்குப் பதினொண்ணு. அது பரவால்லீங்க, கோழிய விட ஒண்ணு ஜாஸ்திதான். பொண்ணு வந்தா ஆளுக்கு ஏழு." விரலை மடக்கிப் பார்த்தாள். "ஏழு மூணு இருவத்தி ஒண்ணு. ஒண்ணு மிச்சம் வருதுங்க. அத்த பொறக்கப் போற கொழந்தைக்கு வச்சிக்கலாம்."

அவள் குத்திக்காட்டவில்லை. கணக்குத்தான் சொன்னாள். டாக்டர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்க ஆரம்பித்தார். ராஜமாணிக்கம் கீழே விரித்திருந்த நோட்டீஸைப் பார்த்தார். கதவு வழியாகப் படிக்கட்டைப் பார்த்தார். பலராமனின் பாதம் இரண்டும் வராந்தாவில் நீட்டிக்கொண்டிருந்தன. முன்னொரு நாள் மதியம் தட்டையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாரே, அந்த முகம் ஒரு கணம் திரும்ப வந்தது. தொண்டையைக்கூடக் கனைத்தார்.

கனைத்ததோடு சரி. முகம் பளிச்சென்று ஆகிவிட்டது.

"டாக்டர், இதுங்களுக்குத் துணைக்கு ஆள் வேணுமில்ல? எலி இருக்குது, பூனை இருக்குது."

டாக்டர் வெடுக்கென்று திரும்பினார். "ஆமா ஆமா. ராப்பகலா ஆள் இருக்கணும். ரெண்டு பேரா இருந்தா இன்னும் நல்லது. ஒருத்தர் வயித்துப்புள்ளக்காரியா இருந்தாலும் பரவாயில்ல."

"எத்தன நாளு?" என்றார் தலைவர்.

"ஒரு ஆறு மாசம்" என்றார் டாக்டர். எந்தப் புஸ்தகத்தில் படித்தாரோ!

"அப்ப ஆராயி, நீயும் பொண்ணும் அந்தத் தொண்ணூறுல படுத்துக்குங்க. ஆனா ஒண்ணு. கோழிங்களுக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது."

"இருக்காதுங்க ஐயா" என்றாள் ஆராயி. அப்போதும் அவள் சிரிக்கவில்லை. அறையை விட்டு வெளியே போய்த்தான் சிரித்தாள்.

மறுவாரமே அன்புச்செல்வி வந்துவிட்டாள். ஐப்பசியில் கோழிகள் நடக்கப் பழகின, அப்புறம் கிளறப் பழகின. முதலில் கிளறியது நோட்டீஸைத்தான். முட்டை குறைந்துபோனது என்று கழித்துவிட்ட கோழிகள் நாளுக்கு நாலைந்து போட ஆரம்பித்தன. தினம் ஒரு முட்டை சாப்பிடணும் என்று நர்சம்மா அன்புச்செல்விக்குச் சொல்லியிருந்தார். சபையின் கொள்கை என்ன ஆகும் என்று தலைவர் இரண்டு நாள் யோசித்து, கூண்டில் போடாத முட்டைக்குச் சபை ஆட்சேபிக்கவில்லை என்று லெட்டர் பேடில் எழுதி, செயலாளராகவும் கையெழுத்துப் போட்டார். கார்த்திகையில், தீபத்துக்கு நாலு நாள் முன்னால், பெண் குழந்தை பிறந்தது. பலராமன் படிக்கு அடியில் தனி ஆளாகக் குறுக்கே படுத்துப் பார்த்தான். அப்போதும் கால் வெளியேதான்.

தீபத்துக்குப் புது நோட்டீஸ் வந்தது. "கோழிக்குப் பத்து நோட்டீஸ் இடம் கொடுத்துக் காட்டினோம்!" என்று தலைப்பு. நடுவில் செவலைச் சேவல் படம். அடியில் பொடி எழுத்தில், "கோழிகளின் நலன் கருதி ஒரு பணியாளர் குடும்பமும் உடன் தங்க அனுமதிக்கப்பட்டுள்ளது." ஐயாயிரம் பிரதி. ஆபீசில் இடமில்லை. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு வந்தார்.

"ஆராயி, இத இப்பிடி ஒரு மூலையில..."

குழந்தையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஆராயி நிமிர்ந்து பார்த்தாள். "வைங்கய்யா. எத்தினி நோட்டீஸ் எடம் ஓணும்?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், ராஜமாணிக்கம் அடுத்த ஊர் ஆள்தானே. நீங்கள் கோழிக்கு அழுததில்லை. ஆனால் ஏதாவது ஒன்றுக்கு அழுதிருப்பீர்கள், தொலைவில் இருக்கிற ஏதாவது ஒன்றுக்கு. டிவியில் பார்த்த வெள்ளத்துக்கு, வெட்டின மரத்துக்கு, வேற்று தேசத்துச் சண்டைக்கு. அழுகை நிஜம்தான், யார் இல்லை என்றார்கள்? இப்போது உங்கள் கையில் இருக்கிற இந்தப் பக்கமும் ஏறக்குறைய அந்த நோட்டீஸ் அளவுதான். படித்து முடித்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மா மத்தியானம் உட்கார்ந்து சாப்பிடுகிறாளே, அந்த இடத்தில் ஒரு தடவை விரித்துப் பாருங்கள். எத்தனை பிடிக்கிறது என்று எனக்குச் சொல்ல வேண்டாம்.

சங்கடமாக இருக்கிறதா? அப்படியானால் விடுங்கள். மடித்துப் பத்திரமாக வைத்துவிடுங்கள், ஓதம் படாத இடமாகப் பார்த்து.